சைக்கிள் மிதிக்கிறவருக்குமா சீனி வருத்தம்?

வாசகர் கேள்விகளுக்குக் கல்லடியிலிருந்து நமது குடும்ப வைத்தியர் பதிலளிக்கிறார்.

மதிப்பிற்குரிய டொக்டர் அம்மா,

எனக்கு வயது 41. களுவாஞ்சிகுடியில் வசிக்கிறேன். பட்டிருப்புப் பாலம் தாண்டிப் படுவான்கரையில் உள்ள ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். போக வரச் சைக்கிள்தான். மாலையில் கரப்பந்து. கதிர்காமத் திருவிழாக் காலத்தில் உகந்தையிலிருந்து காட்டுவழியே நடந்து போகிற ஆள். உயரம் 170 சென்ரிமீற்றர். நிறை 60 கிலோவாக இருந்தது. அண்மையில் நடந்த ஒரு மருத்துவ முகாமில் வெறும் வயிற்றுச் சீனி 109, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 6.0 என்று வந்தது. ‘நீரிழிவுக்கு முந்திய நிலை’ என்று துண்டில் எழுதித் தந்துவிட்டார்கள்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். ஒரு கால்விரலை எடுத்தாகிவிட்டது. அந்தப் பயத்தில் குளுக்கோமீற்றர் வாங்கினேன். எழும்பியவுடன், சாப்பிட முன், சாப்பிட்ட பின், விளையாடிய பின், படுக்க முன் என்று குத்திக்கொண்டே இருக்கிறேன். எதுவும் கணக்குக்கு வரவில்லை. இரவு படுக்கும்போது 98 காட்டுகிறது. ஒன்றும் தின்னாமல் விடிய எழும்பினால் 112. கரப்பந்து முடிந்த கையோடு 139. பிட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 176, அடுத்த மணியில் 131. சோற்றைக் கைவிட்டு இரவில் ரொட்டி சாப்பிடுகிறேன். மூன்று கிலோ இறங்கிவிட்டது. “இனி உங்கள் விரலில் குத்த இடமில்லை” என்கிறார் மனைவி. மெலிந்த எனக்கு ஏன் இது வந்தது? எத்தனை தரம் பார்க்க வேண்டும்? அம்மாவின் குளிசை வீட்டில் மிச்சம் இருக்கிறது. அதில் பாதி போடலாமா?

– கணித ஆசிரியர், களுவாஞ்சிகுடி

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அம்மாவின் குளிசையில் பாதியும் வேண்டாம், காலும் வேண்டாம். அது எந்தக் குளிசை என்று நீங்கள் எழுதவில்லை. கிளிக்ளசைட் வகையாக இருந்தால், அது சதையியை நெருக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. உங்கள் சீனி கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. காலையில் அதைப் போட்டுவிட்டு வெயிலில் சைக்கிள் மிதித்தால் பட்டிருப்புப் பாலத்தின் நடுவிலேயே கண் இருட்டி விழுந்துவிடுவீர்கள். சீனி வருத்தத்துக்கு வழக்கமாகத் தரும் இன்னொரு குளிசையான மெட்போமின் அப்படி விழுத்தாது. ஆனாலும் 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் மெட்போமின் நன்றாக வேலை செய்தது பருமன் கூடியவர்களிடம்தான். நம்மைப் போன்றவர்களைப் பற்றிச் சென்னையில் டொக்டர் ராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பொருத்தமானது. உணவையும் உடலுழைப்பையும் மாற்றியவர்களுக்கு நீரிழிவு வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. மெட்போமின் எடுத்தவர்களுக்கு 26.4 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு மேலதிகப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே மருந்துக்கு இப்போது அவசரமில்லை. வேண்டுமா என்பதை உங்களை நேரில் பார்க்கும் வைத்தியர் சொல்லட்டும்.

இனி, மெலிந்த உடம்புக்கு ஏன் என்ற கேள்வி. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு சிறிய கட்டுரை வந்தது. எழுதியவர்கள் இருவர்: புனேயைச் சேர்ந்த டொக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டொக்டர் ஜோன் யுட்கின். உயரத்தோடு நிறையை ஒப்பிட்டுச் சொல்லும் உடற்திணிவுச் சுட்டி இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதம். தராசு இருவரையும் ஒரே ஆளாகத்தான் காட்டியது. தெற்காசிய உடம்புக்கு இது பொதுவான சுபாவம். கைகால் மெலிந்திருக்கும், தசை குறைவாக இருக்கும், உள்ள கொழுப்பு வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் போய் ஒதுங்கும். சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் குளுக்கோஸைப் பெருமளவு வாங்கி வைக்க வேண்டியது தசை. அது குறைந்தால் வைக்க இடமும் குறைவு. அத்தோடு, தேவைக்கு ஏற்ப இன்சுலினைக் கூட்டிச் சுரக்கும் திறன் சில குடும்பங்களில் பிறப்பிலேயே மட்டாக இருக்கும். அம்மாவின் கதை உங்களுக்குத் தெரியும். பிறந்தபோது உங்கள் நிறை என்ன என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். நிறை குறைந்து பிறந்தவர்களுக்கு இந்த ஆபத்து சற்றுக் கூடுதல்.

ஆகவே நீங்கள் தராசை விட்டு அளவுநாடாவை எடுக்க வேண்டும். தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டக் கூடாது. அளக்கும் இடம் முக்கியம். சாரம் கட்டும் இடத்தில் நாடாவைப் பிடித்துவிட்டு “84 தான் டொக்டர்” என்பவர்கள் நிறையப் பேர். தொப்பை அதற்கு மேலே இருந்து எட்டிப் பார்க்கும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளவுங்கள். வயிற்றை எக்கக் கூடாது.

உங்கள் இரண்டு எண்களுக்கும் வருகிறேன். வெறும் வயிற்றில் 109 என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணக்கில் முந்திய நிலைதான். அவர்களுக்கு எல்லை 100-இல் தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் எல்லை 110. அதன்படி நீங்கள் ஒரு மில்லிகிராமால் வெளியே நிற்கிறீர்கள். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை முந்திய நிலை, 6.5-இலிருந்து நீரிழிவு. உங்கள் 6.0 நடுவில் இருக்கிறது. புறக்கணிக்க வேண்டிய எண்ணும் இல்லை, விரலைச் சல்லடையாக்க வேண்டிய எண்ணும் இல்லை. முகாமில் விரல் நுனியில் குத்திப் பார்த்தார்களா, கையில் நாளத்திலிருந்து இரத்தம் எடுத்தார்களா என்று எழுதவில்லை. விரல் குத்தியதாக இருந்தால் அது அடையாளம் காட்ட உதவுமே தவிர, முடிவு சொல்லப் போதாது. எட்டு மணி நேரம் பட்டினி இருந்து ஆய்வுகூடத்தில் ஒருமுறை எடுங்கள். அரச வைத்தியசாலைகளில் 2011 முதல் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் 35 வயது தாண்டியவர்களை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் பெண்கள்தான் வரிசையில் நிற்பார்கள். ஆண்களுக்கு என்ன வெட்கமோ தெரியவில்லை.

உங்களைப் போன்ற மெலிந்தவருக்கு நான் இன்னொரு பரிசோதனையும் எழுதுவேன்: 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரத்தின் பின் பார்ப்பது. 140-க்குக் கீழே இருந்தால் நல்லது. 140 முதல் 199 வரை முந்திய நிலை. 200 என்றால் நீரிழிவு. வெறும் வயிற்றில் ஓரளவு ஒழுங்காக இருந்து சாப்பாட்டுக்குப் பின் மட்டும் ஏறுகிறவர்களை இந்தப் பரிசோதனைதான் பிடிக்கும். ஒரு மணி நேர அளவு 155-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்று சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2024-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த 155 இந்தக் குளுக்கோஸ் தண்ணீருக்கான எல்லை. உங்கள் பிட்டு வாழைப்பழ 176-ஐ அதற்குள் போட்டுப் பார்த்து இரவு முழுக்க விழித்திருக்க வேண்டாம். ஒரு முக்கியமான விடயம்: சோற்றைக் கைவிட்ட உடம்போடு நேரே போய்க் குளுக்கோஸ் குடித்தால் எண் பொய்யாக ஏறும். முன்னைய மூன்று நாட்களும் வழக்கம் போலச் சோறு, பிட்டு எல்லாம் சாப்பிடுங்கள். குடித்த பின் அந்த இரண்டு மணி நேரமும் வாங்கில் இருக்க வேண்டும். வெளியே போய் ஒரு சுற்றுச் சைக்கிள் ஓடிவிட்டு வரக் கூடாது.

குளுக்கோமீற்றரைப் பற்றிக் கணித ஆசிரியருக்கு ஒரு கணக்கு. இந்தக் கருவிகளுக்கான சர்வதேசத் தரம் என்ன சொல்கிறது தெரியுமா? நூறு அளவீடுகளில் குறைந்தது 95, ஆய்வுகூட அளவிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் இருந்தால் போதும்: 100-க்குக் கீழே என்றால் 15 மில்லிகிராம், 100-க்கு மேலே என்றால் 15 சதவீதம். அப்படியானால் நீங்கள் விடியக் கண்ட 112-இன் உண்மையான அளவு 97-க்கும் 131-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். இரவு கண்ட 98, 83-க்கும் 115-க்கும் இடையில். இரண்டும் ஒரே எண்ணாகவும் இருக்கக்கூடும்! நீரிழிவு முற்றியவருக்கு 180-ஆ 320-ஆ என்று பார்க்க இந்தத் துல்லியம் தாராளமாகப் போதும். 98-ஐயும் 112-ஐயும் பிரித்துப் பார்க்க இந்தக் கருவியை யாரும் செய்யவில்லை.

இன்னொன்று நம் கையில் இருக்கிறது. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். ஒருவர் என் மேசைக்கு எதிரே இருந்து குத்திக் காட்டினார். வருகிற வழியில் வாங்கிய மாம்பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்திருந்தார். மீற்றர் இருநூறைத் தாண்டிக் காட்டியதும் முகம் வெளிறிவிட்டது. எழும்பிப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாக ஈரம் துடைத்து, வேறு விரலில் குத்தச் சொன்னேன். நூற்றிச் சொச்சம். மிச்சமெல்லாம் மாம்பழத்தின் சீனி. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் கிருமி போகும், பழச்சாறு முழுதாகப் போகாது. விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. பிதுக்கிப் பிதுக்கி எடுக்க வேண்டாம். ஸ்ட்ரிப் போத்தலின் மூடியை உடனே இறுக்கி மூடுங்கள். நம் கரையோர ஈரக்காற்று பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும்.

விடியற்காலை ஏற்றத்துக்கு இரவுச் சாப்பாட்டைக் குறை சொல்லாதீர்கள். நாம் எழும்புவதற்கு முன்பே உடம்பில் கோர்ட்டிசோல் போன்ற சுரப்புகள் கூடி, ஈரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை இரத்தத்தில் விடும். எல்லோருக்கும் நடப்பது, உங்கள் வகைக்காரருக்குக் கொஞ்சம் எடுப்பாகத் தெரியும். கரப்பந்தில் பாய்ந்து அடித்துவிட்டு உடனே பார்த்த 139-உம் அப்படித்தான். வேகமான ஆட்டத்தில் அட்ரினலின் ஏறும். ஈரல் குளுக்கோஸைக் கொட்டும். பிறகு தானாக இறங்கும். விளையாடி முடிந்த உடனே குத்துவதை அடியோடு நிறுத்துங்கள். காய்ச்சல் நாட்களிலும் வேண்டாம்.

சரி, எத்தனை தரம்? உங்களுக்கு அன்றாடம் குத்திப் பார்க்கும் தேவையே இல்லை. மீற்றரை வைத்து ஒரு வேளைச் சாப்பாட்டைச் சோதிக்கலாம். காலைப் பிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சில நாட்கள் வழக்கம் போலச் சாப்பிட்டு, சாப்பிட முன் ஒருமுறை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை குறியுங்கள். அடுத்த சில நாட்கள் பிட்டைப் பாதியாக்கி, முட்டையோ மீனோ கூட்டி, வாழைப்பழத்தை வேறு நேரத்துக்குத் தள்ளிப் பாருங்கள். பிறகு, அதே பழைய முழுப் பிட்டைச் சாப்பிட்டுவிட்டு உடனே சைக்கிளை எடுங்கள். வேலை செய்யும் தசை இன்சுலினைப் பெரிதாக எதிர்பாராமலே குளுக்கோஸை உள்ளே இழுக்கும். அதனால்தான் சாப்பாட்டுக்குப் பிந்திய கால் மணி நேர நடைக்கு அவ்வளவு மதிப்பு. உங்கள் மாலை உடலுழைப்பெல்லாம் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னே முடிந்துவிடுகிறது. இரவு சாப்பிட்டதும் கதிரையில் விழுந்து விடைத்தாள் திருத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். எந்த மாற்றம் உங்களுக்கு வேலை செய்கிறது என்று தெரிந்ததும் மீற்றரை அலுமாரியில் வையுங்கள். பிறகு வருடத்துக்கு ஒருமுறை ஆய்வுகூடத்தில் வெறும் வயிற்றுச் சீனியும் எச்பிஏ1சியும். முதல் தடவை மட்டும் ஆறு மாதத்தில் பார்க்கலாம்.

நிறை இறங்கியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் சுட்டி 20.8-இலிருந்து 19.7-க்கு வந்துவிட்டது. 18.5-க்குக் கீழே போனால் நிறைக்குறைவு. நீங்கள் இழந்ததில் ஒரு பகுதி தசை. உங்களுக்கு ஏற்கெனவே பற்றாக்குறையாக இருப்பதும் அதுதான். சைக்கிளும் நடையும் காலுக்கும் நெஞ்சுக்கும் நல்லது. தோள், முதுகு, தொடை பெருக்கப் பாரம் வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் தண்டால், கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருத்தல், தண்ணீர் வாளி தூக்குதல். பணம் செலவழித்து ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை.

சோற்றை விட்டுக் கோதுமை மா ரொட்டிக்குப் போனது எந்த வகையிலும் முன்னேற்றம் இல்லை. மா மாதான். மத்தியானம் ஒரு அளவான சோறு சாப்பிடுங்கள், முடிந்தால் தவிடு முழுதும் போகாத சிவப்பரிசி. கோப்பையில் முதலில் கீரைச் சுண்டலையும் மீனையும் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். குரக்கன் நல்லதென்று மாவாக அரைத்துக் கூழ் காய்ச்சினால் அதுவும் விரைவாகச் சமித்து ஏறும். வெறுந்தேநீருக்குச் சீனியை நிறுத்திவிட்டுக் கித்துள் கருப்பட்டி கடிப்பவர்களையும் அறிவேன். கடிக்கட்டும், ஆனால் அது சீனி இல்லை என்று என்னிடம் வாதாட வரக் கூடாது.

ஒன்றை மட்டும் நேர்மையாக யோசித்துச் சொல்லுங்கள். அந்த மூன்று கிலோவும் நீங்கள் சாப்பாட்டைக் குறைத்ததால் இறங்கியதா, தானாக இறங்கத் தொடங்கியதா? தானாக என்றால், அல்லது தாகம், இரவில் அடிக்கடி சிறுநீர், மேல்வயிற்று வலி இருந்தால், இந்தப் பதிலை வைத்துவிட்டு இந்த வாரமே வைத்தியரிடம் போங்கள். மெலிந்தவர்களில் சிலருக்கு, உடம்பே தன் இன்சுலின் கலங்களை மெல்ல மெல்ல அழிக்கும் வேறொரு வகை நீரிழிவு இருக்கலாம். அதற்கு இரத்தத்தில் தனிப் பரிசோதனை உண்டு. சதையியில் நோய் இருந்தாலும் இப்படித் தொடங்கலாம். முட்டு இழுப்புக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீரொயிட் குளிசை எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அதுவும் சீனியை ஏற்றும்.

டொக்டர், எனக்கு வயது 34. மெலிந்த உடம்பு. வெறும் வயிற்றில் சீனி 88, ஆனால் எச்பிஏ1சி 6.2. மாதவிடாய் அதிகமாகப் போகும்; ஹீமோகுளோபின் 9.4 என்கிறார்கள். எதை நம்புவது? நோன்பு காலத்தில் விரலில் குத்திப் பார்த்தால் நோன்பு முறியுமா?

– வாசகி, நிந்தவூர்

தங்கச்சி, இப்போதைக்கு 88-ஐ நம்புங்கள். எச்பிஏ1சி என்பது செங்குருதிக் கலங்களில் ஒட்டியிருக்கும் குளுக்கோஸின் அளவு. அந்தக் கலங்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்பவை. இரும்புச்சத்துக் குறைந்தால் பழைய கலங்களின் பங்கு கூடி, சீனி ஏறாமலே அந்த எண் ஏறிக் காட்டும். இரத்தம் ஏற்றியவர்களுக்கும் தலசீமியா உள்ளவர்களுக்கும் அது வேறு விதமாகப் பிசகும். முதலில் இரும்புச்சத்தை ஏற்றுங்கள். குளிசையைத் தேநீரோடு விழுங்காதீர்கள், தேநீர் இரும்பைச் சேர விடாது. தேசிக்காய்த் தண்ணீரோடு எடுக்கலாம். ஏன் இவ்வளவு இரத்தம் போகிறது என்பதைப் பெண்நோயியல் கிளினிக்கில் காட்டுங்கள். ஹீமோகுளோபின் சரியாகி மூன்று மாதமாவது போன பிறகு எச்பிஏ1சியைத் திரும்பப் பாருங்கள். அவசரமென்றால் நான் மேலே எழுதிய குளுக்கோஸ் தண்ணீர்ப் பரிசோதனை. பிள்ளை வயிற்றில் இருந்தபோது சீனி கூடியிருந்ததா என்று எழுதவில்லை. கூடியிருந்தால் அந்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடவே வேண்டாம். விரலில் குத்துவதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்கள் பொதுவாகச் சொல்வது.

டொக்டர், கட்டாரில் இருக்கும் அண்ணன் வாப்பாவுக்குச் சீனி பார்க்கக் கையில் ஒட்டும் சென்சர் அனுப்பினார். வாப்பாவுக்கு வயது 63, சீனி வருத்தம் இல்லை, மருந்தும் இல்லை. இரவில் 58 என்று காட்டி அலாரம் அடிக்கிறது. எழுப்பிச் சீனித்தண்ணீர் கொடுக்கிறோம்.

– வாசகர், அக்கரைப்பற்று

பாவம், அவரைத் தூங்க விடுங்கள். சென்சர் ஒட்டிய கையின் மேல் சரிந்து படுத்தால், அழுத்தத்தில் அந்த இடத்து எண் பொய்யாக இறங்கும். அது அளப்பது இரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள நீரை. இரத்தத்தில் ஏற்படும் மாற்றம் அங்கே சில நிமிடம் பிந்தித்தான் தெரியும். மறுபக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லுங்கள். மீண்டும் அடித்தால் கையைக் கழுவி விரலில் ஒருமுறை குத்திப் பாருங்கள். விரலிலும் 70-க்குக் கீழே வந்தால் மட்டும் வைத்தியரிடம் போங்கள். நீரிழிவு இல்லாத, மருந்தும் எடுக்காத ஒருவர் இந்தச் சென்சரை ஒட்டிக்கொள்வதால் பயன் உண்டென்று இதுவரை நிரூபணமில்லை. அண்ணனுக்குத் தகவல் சொல்லுங்கள்: அடுத்த முறை வீட்டில் பாவிக்கும் இரத்த அழுத்தக் கருவி ஒன்றை அனுப்பட்டும், கையின் மேற்பகுதியில் கட்டும் வகை. 63 வயதுக்கு அதுதான் தேவை.